கால் மைல் களங்கள்: அமெரிக்கக் குறுந்தடக் கார் பந்தயத்தின் எதிர்காலம்

அமெரிக்கக் கார் பந்தயம் என்றால் வெளிநாட்டவர் மனத்தில் எழுபவை டேடோனாவும் இண்டியானாபோலிஸும்தான். லட்சம் பேர் அமரும் அரங்கு, தொலைக்காட்சி உரிமை, கோடி கோடியாய்ப் புரளும் விளம்பரப் பணம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அந்த நாட்டில் பந்தயத்தை உயிரோடு வைத்திருப்பவை சிற்றூர்களின் ஓரத்தில், சோளக்காட்டுக்கும் மரக்கிடங்குக்கும் நடுவே, கால் மைல், அரை மைல் நீளத்தில் கிடக்கும் நீள்வட்டத் தடங்கள். ஒரு மைலுக்குக் குறைவான இவற்றை ‘ஷார்ட் டிராக்’ என்பார்கள். சில தார்ப் பரப்பு, பல களிமண். சனிக்கிழமை மாலை விளக்குகள் எரிந்ததும் ஊர் அங்கே கூடிவிடும். ஓட்டுபவர் வாரநாளில் மெக்கானிக்காகவோ லாரி ஓட்டுநராகவோ விவசாயியாகவோ இருப்பவர். கார் அவர் வீட்டு ஷெட்டில் உருவானது. டயர் மாற்றுவது மைத்துனர், கருவிகளை எடுத்துக் கொடுப்பது மகள்.

இந்தத் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கூட்டம் குறைந்துவிட்டது என்பார் ஒருவர். கார் கட்டுவது கட்டுப்படியாகவில்லை என்பார் இன்னொருவர். அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பொறுப்பதில்லை, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்றும் சொல்வார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. அவற்றில் எது ஆணிவேர், எது பக்கவேர் என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடம் இருக்கும் நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மற்றவை அனைத்தும் அதற்குப் பின்னால்தான்.

வளர்த்தவர்களை விட்டு விலகிய விளையாட்டு

1947 டிசம்பரில் டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பந்தய ஏற்பாட்டாளர் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் நாஸ்கார் என்னும் கார் பந்தய அமைப்புக்கு வித்திடப்பட்டது. 1948 பிப்ரவரியில் அது முறைப்படி பதிவானது. அதன் உச்சத் தொடரின் முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று ஷார்லட்டில் முக்கால் மைல் மண் தடத்தில் நடந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அத்தொடர் ஊர் ஊராகப் போனது. கண்காட்சித் திடல், கால்பந்து மைதானம், குதிரைப் பந்தயத் திடல் என்று எங்கே வட்டம் இருந்ததோ அங்கே ஓடினார்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த ஐஸ்லிப் தடத்தின் சுற்றளவு ஒரு மைலில் ஐந்தில் ஒரு பங்குதான். அங்கேயும் நாட்டின் தலைசிறந்த ஓட்டுநர்கள் போட்டியிட்டார்கள்.

1971இல் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் புகையிலை நிறுவனம் தன் வின்ஸ்டன் சிகரெட்டின் பெயரோடு உள்ளே வந்தது. அந்த ஆண்டு 48 பந்தயங்கள் நடந்தன. மறு ஆண்டு அவை 31 ஆகக் குறைக்கப்பட்டன. 250 மைலுக்குக் குறைந்த பந்தயங்கள் உச்சத் தொடரிலிருந்து நீக்கப்பட்டதால் சிற்றூர்த் தடங்கள் பெரும்பாலும் அன்றோடு அதிலிருந்து வெளியேறின. ரெனால்ட்ஸ் பணம் அவற்றை முழுதாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவர்களுக்குச் சிவப்பு வெள்ளைச் சாயம் பூசிக் கொடுத்தார்கள். 1982இல் வாராந்தரத் தடங்களுக்கென்றே வின்ஸ்டன் பெயரில் ஒரு தொடரைத் தொடங்கி ஊர் ஓட்டுநர்களுக்கும் தேசிய விருது கிடைக்கச் செய்தார்கள். 1998இல் புகையிலை நிறுவனங்களும் மாநில அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை அந்த விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட்டது. 2003ஆம் ஆண்டோடு உச்சத் தொடரிலிருந்தும் வின்ஸ்டன் விலகியது. சிகரெட்டின் தீமையை எண்ணினால் அந்த விலகல் நியாயமானதே. ஆனால் சிறு தடங்களுக்கு அதே அளவு கைகொடுக்க வேறு புரவலர் பிறகு வரவில்லை.

பெரிய தொடர் எப்படி விலகிப் போனது என்பதற்கு நார்த் வில்க்ஸ்பரோ நல்ல சான்று. வட கரோலினாவின் மலையடிவாரத்தில் எனாக் ஸ்டேலி கட்டி 1947இல் திறந்த தடம் அது. 1995இல் ஸ்டேலி இறந்தார். தடத்தின் பங்குகள் இரண்டு பெரும் அரங்க உரிமையாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவர்கள் வாங்கியது தடத்தை என்பதைவிட அதன் கையில் இருந்த இரண்டு பந்தயத் தேதிகளை என்பதே சரி. ஒரு தேதி நியூ ஹாம்ப்ஷயருக்கும் இன்னொன்று டெக்சஸுக்கும் போனது. 1996 செப்டம்பர் 29 அன்று கடைசிப் பந்தயம் முடிந்ததும் வாயிற்கதவு பூட்டப்பட்டது.

நிலம்

குறுந்தடங்களில் பல இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில், ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலத்தில், யாரோ ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் உருவானவை. பிறகு ஊர் வளர்ந்து தடத்தின் வேலி வரை வந்துவிட்டது. நிறுவியவருக்கு வயதாகிறது, பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் நாட்டமில்லை. ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து இரவுகள் மட்டுமே வருமானம் தரும் அந்த நிலத்துக்குக் கிடங்கு கட்டுபவரும் வீட்டுமனை போடுபவரும் தரும் விலை, பந்தயத்தில் ஒரு தலைமுறை உழைத்தாலும் கிடைக்காது. அப்படிப்பட்ட நிலத்தை விற்கும் குடும்பத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊர் தன் களத்தை இழக்கிறது.

லாங் ஐலண்டில் ஒரு காலத்தில் பல தடங்கள் இருந்தன. ஃப்ரீபோர்ட் 1983இலும் ஐஸ்லிப் அதற்கு அடுத்த ஆண்டும் மூடப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பது ரிவர்ஹெட் ஒன்றே. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் புகழ்பெற்ற மண் தடமான ஆஸ்காட் பார்க் 1990இல் மறைந்தது. அதே பெருநகரப் பகுதியில் 1999இல் திறக்கப்பட்ட ஐர்விண்டேல் புதுத் தார்த் தடமும் நல்ல அரங்கும் கொண்டு தெற்குக் கலிபோர்னியாவின் நம்பிக்கையாக இருந்தது. 2024 டிசம்பரில் அதுவும் மூடப்பட்டது. தென் கரோலினாவில் 1958 முதல் ஓடிய மிர்ட்டில் பீச் தடம் 2020இல் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. கூட்டமே வராததால் மட்டும் இவை மூடப்பட்டன என்று சொல்ல முடியாது. நிலத்தின் விலை பந்தயத்தின் வருமானத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

இனி, நிலைத்து நிற்பவற்றைப் பார்ப்போம். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள போமன் கிரே அரங்கம் 1930களில் கட்டப்பட்டது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தடம். 1949 முதல் அங்கே நாஸ்கார் பெயரில் வாராந்தரப் பந்தயம் நடக்கிறது. நகரத்தின் நடுவே இத்தனை காலம் அது பிழைத்ததற்கு முதற்காரணம், அரங்கம் மாநகராட்சிக்குச் சொந்தம் என்பதே. விற்று லாபம் பார்க்கும் வாரிசு அங்கே இல்லை. 2024இல் அதை நடத்தும் பொறுப்பை நாஸ்கார் ஏற்றது. 2025 பிப்ரவரியில் நாட்டின் முன்னணி ஓட்டுநர்கள் தங்கள் பருவத் தொடக்கக் காட்சிப் பந்தயத்தை அங்கேயே ஓட்டினார்கள்.

அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் சிறிய ஊர். அங்குள்ள அரை மைல் மண் தடம் மேரியன் கவுண்டி கண்காட்சிச் சங்கத்திடம் இருக்கிறது. 1961இல் தொடங்கி ஆகஸ்டு மாதங்களில் நடக்கும் நாக்ஸ்வில் நேஷனல்ஸ், ஸ்பிரிண்ட் கார் உலகின் மிகப் பெரிய பந்தயம். டென்னசியின் நாஷ்வில் கண்காட்சித் திடலில் 1904 முதல் பந்தயம் நடந்து வருகிறது. நகரம் அந்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற எண்ணியபோது, 2011இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஏழு பேர் திடலையும் தடத்தையும் காக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். அந்தப் பாதுகாப்பு நகரின் சாசனத்திலேயே எழுதப்பட்டது.

தனியார் கையில் இருந்தும் நிலைத்த தடங்கள் உண்டு. ஓஹியோவின் எல்டோராவை 1954இல் எர்ல் பால்ட்டஸ் தொடங்கினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதை அவர் விற்றது நாஸ்கார் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட்டுக்கு. வெர்மான்ட் மாநிலத்தின் பாரி ஊரில் ஒலிபரப்பாளர் கென் ஸ்குவையர் 1960இல் நிறுவிய தண்டர் ரோடு, பிற்காலத்தில் அங்கேயே ஓட்டிப் பழகியவர் கைக்கு வந்தது. அந்தத் தடத்தில் பந்தயநாள் வியாழக்கிழமை. பாரியின் கிரானைட் பட்டறைத் தொழிலாளர்களுக்கு அக்காலத்தில் அன்றுதான் சம்பளம். ஊரின் உழைப்போடு இப்படிப் பிணைந்த ஒரு தடம் ஊர்க்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது நல்வாய்ப்பு. ஆனால் நல்வாய்ப்பை நம்பி ஒரு விளையாட்டின் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது.

பொது உடைமையும் தானாகக் காப்பாற்றிவிடாது. நாஷ்வில் தடத்துக்கு அருகிலேயே 2022இல் கால்பந்து அரங்கம் வந்தது. தடத்தைப் புதுப்பிப்பது பற்றிய சச்சரவு வாக்கெடுப்புக்குப் பிறகும் ஓயவில்லை. பொது நிலம் தடத்துக்குத் தருவது அவகாசம். அதை மூடுவதாக இருந்தால் ஊர் கூடிப் பேசித்தான் மூட முடியும். தனியார் நிலத்தில் ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

சத்தமும் சட்டமும்

நிலத்துக்கு அடுத்த சிக்கல் அண்டைவீடு. முதலில் வந்தது தடம், பிறகு வந்தது வீடு. அப்படியிருக்க வீட்டுக்காரர் சத்தத்தை எதிர்த்து வழக்குப் போடலாமா? இந்தக் கேள்விக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன தீர்ப்பு, இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து மில்டன்ஹாலில் உள்ள அரங்கத்தில் 1970களிலிருந்து மோட்டார் பந்தயம் நடக்கிறது. 2006இல் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியவர்கள் சத்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். பிறகு வந்தவர் என்பதற்காக ஒருவர் வழக்குத் தொடரும் உரிமையை இழப்பதில்லை என்று நீதிமன்றம் கூறியது. கூடவே, இத்தகைய வழக்குகளில் தடையாணைக்குப் பதில் இழப்பீடு தருவதையும் நீதிபதிகள் எண்ணிப் பார்க்கலாம் என்று வழிகாட்டியது.

2018இல் இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில் ஒரு நல்ல கொள்கை சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே இயங்கும் அரங்கத்துக்கோ ஆலைக்கோ அருகில் புதிதாக வீடு கட்டுபவர், அந்தச் சத்தத்தைத் தடுக்கும் ஏற்பாட்டையும் தாமே செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் அயோவா போன்ற மாநிலங்களில் நெடுநாளாக இயங்கும் பந்தயத் தடங்களைத் தொந்தரவு வழக்குகளிலிருந்து காக்கச் சட்டம் வந்திருக்கிறது. இது விரிவடைய வேண்டும்.

ஆனால் அண்டைவீட்டாரை எதிரியாக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவு பதினொரு மணிக்கு எஞ்சின் அலறினால் அவர்கள் கேட்பதில் தவறு என்ன? ஈயம் கலந்த பெட்ரோல் அதைவிடப் பெரிய சிக்கல். அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அது 1996 தொடக்கத்திலேயே முற்றாகத் தடை செய்யப்பட்டது. பந்தயத்துக்கு விலக்கு கிடைத்தது. நாஸ்காரின் பெரிய தொடர்கள் 2007இல் ஈயத்தைக் கைவிட்டன. சிறு தடங்கள் சிலவற்றில் ஈயம் கலந்த பந்தய எரிபொருள் இன்னமும் எரிகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கார்களைச் சரிசெய்யும் ‘பிட்’ பகுதியில் ஓடியாடுபவர்கள் பந்தயக்காரர்களின் சொந்தப் பிள்ளைகள். சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கும் தடம், சைலன்சர் கட்டாயம், முடிக்கும் நேரத்துக்கு உறுதி, ஈயமற்ற எரிபொருள் என்ற மூன்றையும் தானே முன்வந்து ஏற்க வேண்டும். அப்போதுதான் அதன் கோரிக்கைக்கு மதிப்பு இருக்கும்.

காரின் விலை

நிலம் நிலைத்தாலும் ஓட்டக் கார்கள் வேண்டும். தடம் நடத்துபவர்கள் ஒவ்வொரு வாரமும் முதலில் எண்ணுவது எத்தனை கார்கள் வந்தன என்பதைத்தான். அதில் அவர்களின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. ஒரு காரோடு ஆறேழு பேர் பிட் நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வருவார்கள். பல தடங்களில் அரங்க வாயிலில் சேரும் பணத்துக்கு ஈடாக இந்தப் பின்வாயிலில் சேர்கிறது. ஐந்து கார்கள் குறைந்தால் முப்பது சீட்டுகள் போயின. பார்வையாளர்களுக்கும் சுவை குறைகிறது.

செலவைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சிகளில் பயன் தந்தது ஆலையிலேயே முத்திரையிடப்பட்டு வரும் ‘கிரேட்’ எஞ்சின். செவர்லே நிறுவனத்தின் 602, 604 என்ற எண்களால் அறியப்படும் எஞ்சின்கள் நாடெங்கும் பரவியுள்ளன. திறந்து திருத்த முடியாதபடி அவற்றின் போல்ட்டுகள் முத்திரையிடப்பட்டிருக்கும். பணக்காரர் எஞ்சினும் தொழிலாளி எஞ்சினும் ஒன்றே என்பது கொள்கை. முத்திரையை ஏமாற்றும் வித்தைகளும் கூடவே வந்தன. அதனால் சோதனை அதிகாரிக்கு வேலை கூடியது. ஆனாலும் தனித்தனியாகக் கட்டும் எஞ்சினோடு ஒப்பிட்டால் இது பெரும் சேமிப்பு. இன்னும் பழைய முறை ஒன்று உண்டு. கீழ்நிலைப் பிரிவுகளில், வென்றவரின் எஞ்சினையோ காரையோ விதியில் குறித்த விலைக்குத் தோற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படி இருந்தால் யாரும் எல்லை மீறிச் செலவழிக்க மாட்டார்கள்.

டயர் மற்றொரு சுமை. குறுந்தடப் பந்தயங்களில் பெரும்பகுதி ஹூசியர் என்ற ஒரே நிறுவனத்தின் டயரை நம்பியிருக்கிறது. 2022இல் டயர் தட்டுப்பாடு வந்தபோது சில பந்தயங்களைச் சுருக்கவும் தள்ளிப்போடவும் வேண்டியிருந்தது. ஓர் இரவுக்கு இத்தனை டயர்தான் என்று வரம்பு கட்டுவதும், பல வாரங்கள் தாங்கும் கடினமான டயரைத் தேர்வதும் ஓட்டுநரின் பணப்பையைக் காக்கும்.

எல்லாவற்றையும்விட எளிதாகச் செய்யக்கூடியது விதிகளை ஒன்றுபடுத்துவது. நாற்பது மைல் தள்ளியிருக்கும் இரண்டு தடங்கள் ஒரே வகைக் காருக்கு இரண்டு விதமான எடை, இரண்டு விதமான கார்புரேட்டர் விதி வைத்திருந்தால், ஓட்டுநர் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட்டுவிடுவார். அதோடு ஒவ்வொரு தடமும் எட்டு, ஒன்பது பிரிவுகள் என்று பெருக்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றிலும் ஏழு கார்கள் ஓடி, நிகழ்ச்சி நள்ளிரவைத் தொடுகிறது. குழந்தைகளோடு வந்த குடும்பம் ஒன்பதரைக்கே கிளம்பிவிடுகிறது. அண்டை அயல் தடங்கள் ஒன்றாக உட்கார்ந்து நான்கு பொதுப் பிரிவுகளை முடிவு செய்தால் இரண்டும் பிழைக்கும்.

திரையும் அரங்கும்

இணைய ஒளிபரப்பு குறுந்தடத்துக்கு நன்மையா, தீமையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஃப்ளோரேசிங், டர்ட்விஷன் போன்ற சேவைகள் வந்தபின் ஊர் எல்லை தாண்டாத பந்தயங்களை நாடெங்கும் பார்க்கிறார்கள். பரிசுத்தொகைகள் உயர்ந்துள்ளன. 2023இல் நாஸ்காரில் ஓட்டிப் பெயர்பெற்ற டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், கெவின் ஹார்விக், ஜெஃப் பர்ட்டன், ஜஸ்டின் மார்க்ஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து வாங்கிய கார்ஸ் டூர் என்னும் குறுந்தடத் தொடர் இந்த ஒளிபரப்பின் துணையோடு வளர்ந்திருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாஃபர்ட் தடம் தன் பந்தயங்களைத் தானே ஒளிபரப்பிச் சந்தா வாங்குகிறது. 2021இல் அங்கே நடந்த எஸ்ஆர்எக்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொடரின் முதல் பந்தயத்தில் நாடறிந்த நட்சத்திரங்களை எல்லாம் முந்தி வென்றவர் அந்த வட்டாரத்து ஓட்டுநர் டக் கோபி. ஊர்த் தடத்தில் என்ன தரம் இருக்கிறது என்பதைத் தொலைக்காட்சி ரசிகர்கள் அன்று கண்டார்கள். ஆனால் அந்தத் தொடரே மூன்று பருவங்களோடு நின்றுபோனது.

ஒளிபரப்புப் பணம் பெரிய பந்தயங்களைத் தேடிப் போகிறது. சாதாரணச் சனிக்கிழமை இரவுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. வீட்டில் அமர்ந்து பார்ப்பவர் தின்பண்டம் வாங்குவதில்லை, பிள்ளையைக் கூட்டிப்போய் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கித் தருவதில்லை. எனவே வருமானத்தில் தடத்துக்கு உரிய பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். ஒளிபரப்பை அரங்குக்கு மாற்றாகக் கொள்ளாமல், ஆளை அரங்குக்கு அழைத்துவரும் விளம்பரமாகக் கொள்ளும் தடமே அதில் பயனடையும்.

யாருக்கான களம்?

டென்னசியில் வங்கிக் காசாளராக வேலை பார்த்தவர் ஜாஷ் பெரி. கணினிப் பந்தயத்தில் எர்ன்ஹார்ட் ஜூனியரின் கண்ணில் பட்டு, அவரது அணிக்காக ஹிக்கரி போன்ற தடங்களில் பத்தாண்டுக்கும் மேல் ஓட்டினார். 2020இல் நாஸ்கார் வாராந்தரத் தொடரின் தேசியச் சாம்பியன் ஆனார். 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில் உச்சத் தொடரின் பந்தயம் ஒன்றை வென்றார். ஊர்த் தடத்திலிருந்து உச்சத் தொடருக்கு ஏறும் ஏணி இன்னும் இருக்கிறது என்பதற்கு அவர் சாட்சி. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதன் நடுப்படியில் நேராக ஏறிக்கொள்ளும் இக்காலத்தில் இத்தகைய சாட்சிகள் அரிதாகி வருகின்றன என்பதும் உண்மை. கணினிப் பந்தயத்தை முதியவர்கள் வெறுக்க வேண்டியதில்லை. டேடோனா 500ஐ 2024இலும் 2025இலும் வென்ற வில்லியம் பைரன் அங்கிருந்துதான் லெஜண்ட்ஸ் என்னும் சிறு காருக்கு வந்தார்.

கறுப்பினத்தவருக்கு இந்த விளையாட்டு தீர்க்க வேண்டிய கடன் ஒன்றும் பாக்கி இருக்கிறது. கறுப்பின ஓட்டுநர் வெண்டெல் ஸ்காட் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லின் அரை மைல் மண் தடத்தில் வென்றார். அன்று வெற்றி வேறொருவருக்கு அறிவிக்கப்பட்டது. பிறகு தவறு திருத்தப்பட்டாலும் கோப்பை அவர் கைக்கு வரவில்லை. நாஸ்கார் அவர் குடும்பத்துக்குக் கோப்பை வழங்கியது 2021இல், அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின். ஊர் மாறிவிட்டது. தடத்தைச் சுற்றி இன்று ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்கள் தயங்காமல் வந்து உட்காரும் இடமாக அரங்கம் ஆகாவிட்டால், நாளை ஊர் வாக்கெடுப்பு என்று வரும்போது தடத்துக்காகக் கை தூக்க ஆள் இருக்காது.

பொதுப் பணம் எங்கே போக வேண்டும்?

நார்த் வில்க்ஸ்பரோ மீண்டது பலருக்கும் நம்பிக்கை தந்தது. 2021இல் வட கரோலினா மாநிலம் கொரோனா நிவாரண நிதியிலிருந்து அந்தத் தடத்தின் அடிப்படை வசதிகளுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் பந்தயங்கள் மீண்டும் தொடங்கின. 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயம் அங்கே நடந்தது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. கால் நூற்றாண்டு பெரும்பாலும் பூட்டிக் கிடந்தும் அந்த நிலத்தில் யாரும் வேறொன்றைக் கட்டிவிடவில்லை, அதனால்தான் மீட்க ஏதோ மிஞ்சியிருந்தது. ஐர்விண்டேலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேலும் அந்தப் பணம் சென்றது அரங்கங்கள் பல கொண்ட பெரும் நிறுவனம் ஒன்றின் தடத்துக்கு. சனிக்கிழமை தோறும் ஓடும் ஊர்த் தடம் அத்தகைய உதவிக்கு வரிசையில் நிற்கக்கூட இயலாத நிலையில் இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. தடத்துக்கு அரசோ நாஸ்காரோ தரும் ஒவ்வொரு பெரிய உதவியும் நிலத்தோடு பிணைக்கப்பட வேண்டும். பணம் பெறும் உரிமையாளர், குறித்த காலம் வரை நிலம் பந்தயத்துக்கே என்று பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். விற்க நேர்ந்தால் ஊராட்சிக்கோ கண்காட்சிச் சங்கத்துக்கோ ஓட்டுநர்கள் கூடி அமைக்கும் அறக்கட்டளைக்கோ முதலில் கேட்கும் உரிமை தர வேண்டும். விளைநிலத்தை இப்படிக் காக்கும் ஒப்பந்தங்கள் அமெரிக்காவில் ஏற்கெனவே உண்டு. பந்தயத் தடத்துக்கும் அதைச் செய்யலாம். இது அமைந்தபின் விதிகளை ஒன்றுபடுத்துவதும், எரிபொருளை மாற்றுவதும், ஒளிபரப்புப் பங்கைப் பேசி வாங்குவதும் கைக்கெட்டும் வேலைகளே.

வயதான தட உரிமையாளர்கள் இன்று எடுக்கும் முடிவுகளே இந்த விளையாட்டின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை எழுதப் போகின்றன. அவர்களிடம் பேச வேண்டிய நேரம், விற்பனைப் பலகை நடப்படுவதற்கு முன்புதான். ஓட்டுநர்களும் ரசிகர்களும் ஊராட்சிகளும் நாஸ்காரும் அந்தப் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும். கார் பழசானால் புதிது கட்டலாம், கூட்டம் குறைந்தால் மீண்டும் சேர்க்கலாம். கிடங்கு எழும்பிவிட்ட நிலத்தில் பந்தயத் தடம் திரும்ப வராது.